ஸ்லீப்பிங் பேக் உள்ளிருந்தும் நனையும்: ட்ரெக்கில் பராமரிப்பது எப்படி?

போன டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்கு ட்ரெக் போயிருந்தோம். 9,100 அடி உயரத்தில் ஜூடா கா தாலாப் முகாம். முதல் ராத்திரி நல்ல தூக்கம். மறுநாள் அடுத்த முகாமில், அதே ஸ்லீப்பிங் பேக்குக்குள் விடிய விடிய நடுங்கினேன். மழை இல்லை, பனியும் பெய்யவில்லை. காலையில் கழுத்துப் பக்கத்தைக் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே இருந்த இறகு சுண்டைக்காய் அளவில் உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. நடுவில் வெறும் துணிதான். குளிர் தாங்காமல் தலையை உள்ளே இழுத்து மூடிப் படுத்திருந்தேன். மூச்சின் ஈரமெல்லாம் இறகில் இறங்கிவிட்டது.

பைக்கென்று தனிச் சூடு கிடையாது. இறகுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. இறகு திரண்டால் அந்தக் காற்றுக்கு இடமில்லை.

டென்ட் போட்டதுமே பையை எடுத்து உதறி விரித்துவிடுங்கள். உப்புவதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். அடியில் ஃபோம் மேட் கட்டாயம். உடம்புக்குக் கீழே நசுங்கிய இறகு தரைக் குளிரைத் தடுக்காது. நடந்த உடையோடு உள்ளே போகாதீர்கள், தூங்க மட்டும் ஒரு ஜோடி தனியாக வையுங்கள். ஈர சாக்ஸைப் பைக்குள் வைத்துக் காயவைத்தால் அந்த ஈரமும் இறகுக்குத்தான் போகும்.

படுத்ததும் தலைப்பக்கக் கயிற்றை இறுக்குங்கள். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். மூக்கு சில்லிட்டால் மங்கி குல்லா போடுங்கள், உள்ளே மட்டும் இழுத்துக்கொள்ளாதீர்கள். டென்ட் ஜிப்பையும் மேலே நாலு விரல் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் கூரையின் உட்புறம் உறைந்த ஈரம் காலையில் பை மேலேயே உதிரும்.

அப்படி உதிர்ந்ததை உருகுவதற்கு முன்பே தட்டிவிட்டு, பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி டென்ட் மேல் வெயிலில் போடுங்கள். கைடு அவசரப்படுத்தினால், மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்திலாவது இருபது நிமிஷம். மடிக்க வேண்டாம், கால்பக்கத்திலிருந்து அப்படியே அதன் சின்ன உறைக்குள் திணியுங்கள், காற்று வாய்ப்பக்கமாக வெளியேறிவிடும். கேம்ப்ஃபயர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, ஒரு பொறி விழுந்தாலும் நைலான் ஓட்டையாகும்.

கொடைக்கானல், ஏற்காடு மழைக்கு இறகுக்குப் பதில் செயற்கை இழை அடைத்த சிந்தெடிக் பையைத்தான் நான் சொல்வேன். நனைந்தாலும் ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. இறகுப் பை இமயமலையின் உலர்ந்த குளிருக்கு.

பிற்சேர்க்கை: துவைப்பதைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சாதாரண சோப்புத்தூள் இறகின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். இறகுக்கென்றே விற்கும் திரவம் வாங்குங்கள், கம்ஃபர்ட் மாதிரி எதையும் சேர்க்காதீர்கள். பெரிய டப்பில் அமுக்கி அலசுங்கள். தூக்கும்போது தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கைகளையும் அடியில் கொடுங்கள். ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினால் ஈரக் கனத்தில் உள்தையல் பிய்ந்துவிடும். காய இரண்டு மூன்று நாள் ஆகும். இடையிடையே உருண்டைகளை விரலால் உதிர்த்துவிடுங்கள். காய்ந்ததும் அந்தச் சின்ன உறையில் திணிக்காமல், பழைய பருத்திப் போர்வையில் தளர்வாகச் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.