கடைசி நாள் குரூப் கணக்கை நீங்களே போடுவது எப்படி

கால்பந்தில் அடுத்த சுற்றுக்கு யார் போவது என்று முடிவு செய்யும் குரூப் ஆட்டங்களில் வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. இது எல்லாருக்கும் தெரியும், தலைவலி ஆரம்பிப்பது இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நிற்கும்போதுதான். 2022 கத்தார் உலகக் கோப்பை விதிப்படி, முதல் வேலையாக, ஒவ்வொரு அணியும் அடித்த கோல்களில் இருந்து வாங்கியதைக் கழியுங்கள், அதுவும் சமம் என்றால் மொத்தமாக யார் அதிகம் அடித்தார்கள் என்று பாருங்கள். எச் பிரிவில் தென்கொரியா, உருகுவே இரண்டுக்குமே 4 புள்ளி, வித்தியாசமும் பூஜ்யம், ஆனால் கொரியா அடித்தது 4, உருகுவே 2. கானாவை 2-0 என ஜெயித்தும் வெளியேறிய உருகுவேயின் சுவாரஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார், பாவம்.

அதிலும் சமமா? அவர்களுக்குள் நடந்த ஆட்டம், அப்புறம் யார் குறைவாக மஞ்சள், சிவப்பு அட்டை வாங்கினார்கள் என்பது. சிரிக்காதீர்கள், 2018-இல் ஜப்பானைவிட 2 மஞ்சள் அட்டை கூடுதலாக வாங்கித்தான் செனகல் வெளியேறியது.

யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) வரிசை வேறு, அங்கே நேருக்கு நேர் ஆட்டம்தான் முதலில், அதனால் விதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கடைசிச் சுற்றில் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும் (1982-இல் மற்ற ஆட்டத்தின் முடிவு தெரிந்தபின் விளையாடிய மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், இரண்டுமே முன்னேறும்படி ஒப்புக்கு ஆடி அடித்த கூத்தின் பலன்). ஒன்றை டிவியில், மற்றதை போனில் போட்டுவிட்டு, ஒவ்வொரு கோலுக்கும் அட்டவணையைத் திருத்துங்கள். பென்சிலால்.