ஹெட்லைட்டை மஞ்சளாக்குவது அழுக்கு அல்ல

மடிப்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனின் கார் ஏழு வருடமாக ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது. இடது ஹெட்லைட் மேல் வேப்பமர நிழல். வலது ஹெட்லைட் மேல் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும்வரை மேற்கு வெயில். இடதில் உள்ளே இருக்கும் பல்பு பளிச்சென்று தெரிகிறது. வலதில் உறைந்த நெய் மாதிரி மஞ்சள் படலம். கழுவும் தண்ணீரும் துடைக்கும் துணியும் இரண்டுக்கும் ஒன்றுதான். வெயில்தான் வேறு.

ஹெட்லைட்டின் முகப்பு கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். புற ஊதாக் கதிர் (யுவி) பட்டால் அது பழுத்துவிடும். அதனால்தான் தயாரிக்கும்போதே அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கோட்டிங் கொடுக்கிறார்கள். அது இருக்கும்வரை விளக்கு தெளிவாக இருக்கும். நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டிங்கை நாமே உரித்தெடுப்பவை.

முதலில் நிற்பது டூத்பேஸ்ட். அண்ணனும் தேய்த்தார். பத்து நிமிடத்தில் விளக்கு புதிதுபோல ஆனது, தெருவே வந்து பார்த்தது. மூன்று மாதத்தில் முன்பைவிட மோசமாக மஞ்சள் ஏறிவிட்டது. பேஸ்டில் இருப்பது நைசான அரைப்புத் துகள். அது மஞ்சளைச் சுரண்டும்போது மிச்சமிருந்த கோட்டிங்கையும் சேர்த்துச் சுரண்டுகிறது. பிறகு அந்த பிளாஸ்டிக் சென்னை வெயிலில் வெறும் உடம்போடு நிற்கிறது. தேய்ப்பது தவறில்லை, தேய்த்துவிட்டு மேலே எதுவும் பூசாமல் விடுவதுதான் தவறு. கடையில் பாலிஷ் போடக் கொடுத்தாலும், "பாலிஷுக்கு அப்புறம் யுவி கோட்டிங் அடிப்பீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொசு விரட்டி ஸ்ப்ரே, பெட்ரோல், தின்னர் எதையும் விளக்குப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பல ஸ்ப்ரேக்களில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைக்கும். கரைந்த இடம் அந்த நேரத்துக்கு மினுங்கும், அவ்வளவுதான். பெட்ரோலும் தின்னரும் மயிரிழை விரிசல் விடவைக்கும்.

காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டும் பழக்கமும் கெடுதல். அந்தத் தூசியில் மணல் இருக்கிறது. முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு ஷாம்பூ, பிறகு மைக்ரோஃபைபர் துணி. போர் தண்ணீரில் கழுவினால் வெயிலில் காயவிடாமல் உடனே ஒற்றி எடுங்கள்; உப்புத் திட்டு படிந்தால் அதை எடுக்க மறுபடி தேய்க்கவேண்டி வரும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அழுக்குக் காரின்மேல் கவர் போடுவதும், காற்றில் அது உரசும்போது உப்புத்தாள் வேலையைத்தான் செய்யும்.

60/55 வாட் பல்புக்கு பதிலாக 100/90 மாட்டுபவர்களும் உண்டு. அந்தச் சூட்டில் ரிஃப்ளெக்டரும் கருகும், முகப்பும் வாடும். மங்கிய விளக்குக்கு பெரிய பல்பு மருந்தே அல்ல.

புது வண்டியென்றால் முதல் வருடத்திலேயே ஹெட்லைட்டுக்கு பிபிஎஃப் என்ற பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிடுவது நல்லது. நிறமில்லாததாகக் கேட்டு வாங்குங்கள். பழசென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை யுவி தடுப்புள்ள வாக்ஸ். செலவே இல்லாத வழி, வண்டியின் முன்பக்கத்தைச் சுவர்ப் பக்கமாக, நிழலில் நிறுத்துவது.

ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டதா? தண்ணீர் விட்டு 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள்களில் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் யுவி கிளியர் கோட் அடிக்கவேண்டும். அது நன்றாக இறுகும்வரை ஈரம் படக்கூடாது. அதனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை வேண்டாம். அண்ணனிடமும் தை பிறக்கட்டும் என்று சொல்லி, இப்போதைக்கு வண்டியை மட்டும் திருப்பி நிறுத்த வைத்திருக்கிறேன்.