உலு பதக்கத்தில் கருகும் கொம்பு: இனுயிட் பாணி வெள்ளி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெங்காரம் தடவ மறப்பது, ரம்ப இழையை உடைப்பது பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை. அவற்றைப் பட்டறையே ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடும். கனடாவின் நுனாவுட் பகுதியில், இகாலுவிட் ஊரிலுள்ள நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரி நகை வேலைக்கென்றே படிப்பு நடத்துகிறது. அந்த ஊர்ப் பக்கத்து வேலைப்பாடுகளைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டுச் செய்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள் வேறு.

கொம்பை மாட்டிவிட்டு நெருப்பைத் தொடுவது

உலு என்பது ஆர்க்டிக் பழங்குடியினரான இனுயிட் பெண்களின் பிறை வடிவக் கத்தி. பதக்கமாகச் செய்தால் அலகுக்கு 1 மி.மீ. வெள்ளித் தகடு, பிடிக்குக் கொம்போ எலும்போ. புதிதாகச் செய்பவர் அலகை அறுத்து, ராவி, மெருகேற்றி, பிடியில் பள்ளம் போட்டுச் செருகி, தறையாணியும் அடித்துவிடுவார். கையில் தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும், சங்கிலி கோக்க வளையமே வைக்கவில்லை என்று. "சின்ன வளையம்தானே, ஓரத்தில் லேசாகச் சூடு காட்டினால் போதும்" என்று பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைத்து ஊத ஆரம்பிப்பார். இரண்டு நாள் வேலை அங்கே போயிற்று.

எளிதில் உருகும் 'ஈஸி' வகைப் பற்றாசு ஓடவே ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளியைப்போல் சூட்டைக் கடத்தும் உலோகம் வேறில்லை. 35 மி.மீ. அலகில் ஒரு மூலையை மட்டும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர முடியாது. அலகு முழுதும் கனன்றாக வேண்டும். கொம்பு அதற்கு வெகு முன்பே பழுப்பேறி, முடி கருகும் நாற்றத்தோடு விரிசல் விடும். ஈரத்துணி சுற்றும் யோசனையை யார்தான் கிளப்பிவிட்டார்களோ! துணி சூட்டை இழுத்துக்கொள்வதால் பற்றாசு ஓடாது. ஓடும்வரை ஊதினால் துணிக்குள்ளேயே கொம்பு வெந்துவிடும்.

அதோடும் முடிவதில்லை. கறுத்த வெள்ளியை வெளுக்க அமிலத்தில் போட்டால், அது எலும்பிலும் மான் கொம்பிலும் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து, பிடியின் மேல்பரப்பை மாவாக்கிவிடும். கந்தகக் கரைசலில் கறுப்பேற்றினால் கறை நுண்துளைகளில் இறங்கிவிடும், பிறகு வராது.

ஆகவே வளையம் உட்பட நெருப்பு வேலை அத்தனையும் முதலில். பிறகு அமிலம், ராவல், கறுப்பு, மெருகு. கொம்பு கடைசி. அலகில் 1 மி.மீ. துளை, கொம்பில் 1.1; உள்ளே 1 மி.மீ. வெள்ளிக் கம்பி, இரு பக்கமும் அரை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். கம்பியின் தலை நேராகக் கொம்பில் உட்காராமல் மெல்லிய வெள்ளி வாஷர் போடுங்கள். சிறு சுத்தியலால் திருப்பித் திருப்பித் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் கம்பி நடுவில் பருத்து, கொம்பு நீளவாக்கில் பிளக்கும். கடைசி மெருகைத் துணியால் கையிலேயே முடியுங்கள். பஃப் சக்கரத்தின் சிவப்புப் பொடி கொம்பின் துளைகளில் ஏறினால் போகாது.

எந்தக் கொம்பு?

இந்தியாவில் மான் கொம்பு வேண்டாம், காட்டில் உதிர்ந்து கிடந்ததாக இருந்தாலும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். எருமைக் கொம்போ எலும்போ போதும். ராவும்போது முகக்கவசம் கட்டாயம்.

வால்ரஸ் தந்தம்

தொடாதீர்கள்.

செம்பைக் காய்ச்சாமல் அடித்துக்கொண்டே போவது

உலோகம் இனுயிட் மக்களுக்கு வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்று நினைப்பவர் பலர். கிரீன்லாந்தின் கேப் யார்க் விண்கல் இரும்பைத் தட்டிக் கத்தி முனை செய்தவர்கள் இவர்கள். (அந்தக் கற்களில் மிகப் பெரியதை 1897இல் அமெரிக்க ஆய்வுப் பயணி பியரி நியூயார்க்குக்குக் கொண்டுபோய்விட்டார்.) வட கனடாவின் கொரனேஷன் வளைகுடாப் பக்கம் இயற்கையாகக் கிடைத்த செம்பிலும் கருவிகள் செய்தார்கள். நீங்கள் செம்பில் உலு அடித்தால், தகடு சுத்தியலுக்கு விறைத்து எதிர்க்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டு, மறுபடி அடியுங்கள். தவறினால் ஓரத்தில் முடிபோல் வெடிப்பு வரும். அதை ராவி எடுத்தால் பிறையின் வளைவே மாறிப்போகும்.

பனிக்கண்ணாடியில் கண்ணுக்கு ஓட்டை

இக்காக் எனும் பனிக்கண்ணாடியில் இருப்பது ஓட்டை அல்ல, கீறல். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் குருடாக்காமல் தடுப்பதே அதன் வேலை. இகாலுவிட் கலைஞர் மாத்யூ நுகிங்காக் வெள்ளியில் செய்தவற்றைப் பாருங்கள். 3 மி.மீ. அகலத்தில் திறந்துவிட்டால் அது திருவிழா முகமூடி. 0.8 மி.மீ. தகட்டில் இரு முனையிலும் 1 மி.மீ. துளை, நடுவே 2/0 எண் ரம்ப இழையால் ஒரே அறுப்பு. வளைத்த பிறகுதான் ஊசி அரத்தால் அகட்ட வேண்டும்; முன்பே அகட்டினால் வளைக்கும்போது கீறலின் முனை மடங்கும்.

கைகால் வைத்த கல்லுருவம்

அது இனுக்ஷுக் எனும் கல் அடுக்கு அடையாளம் அல்ல, மனித உருவில் அடுக்கிய இனுன்ங்வாக். இனுக்ஷுக் மனித உருவாக இருக்க வேண்டியதில்லை.

இரும்புக் குறடு அமிலத்துக்குள்

வெள்ளி முழுதும் செம்புப் பூச்சு ஏறும்.

விற்கும்போது

"இனுயிட் நகை" என்று சீட்டு ஒட்டாதீர்கள். கனடாவில் இதற்கென்றே 1958 முதல் இக்லூ முத்திரை உண்டு. இனுயிட் கலைஞர் செய்ததற்கு மட்டுமே அது கிடைக்கும். "இனுயிட் வடிவங்களைப் பார்த்து இங்கே செய்தது" என்று எழுதுங்கள். பிடி எருமைக் கொம்பு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.