டர்போ காரில் முதலில் எதை மாற்றுவது? பணம் வீணாகும் இடங்கள்

டர்போ கார், அதாவது புகை வாயுவால் சுழன்று காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி உள்ள கார், வாங்கி ஆறு மாதம் ஆனதும் கை அரிக்கத் தொடங்கும். திருவொற்றியூராக இருந்தாலும் சரி, பெரம்பூராக இருந்தாலும் சரி, நேராகச் சென்னையில் கார் பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய் கோன் வடிவ ஏர் ஃபில்டர், சைலன்சர், மிஞ்சும் காற்றை வெளியே விடும் டம்ப் வால்வு என்று வாங்கி மாட்டுவார்கள். கார் வேகமாகிவிட்ட மாதிரி இருக்கும். உண்மையில் கூடியது சத்தம்தான்.

காரணம் இதுதான். இப்போதைய டர்போ என்ஜினில் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இசியு என்ற என்ஜின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஃபில்டரை மாற்றி காற்று தாராளமாக வந்தாலும், தனக்கு எழுதப்பட்ட டார்க் (சுழல் விசை) அளவைத் தொட்டதும் இசியு, டர்போவைச் சுற்றும் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வைத் திறந்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்திவிடும். அதனால் ரீமேப் செய்யாத, அதாவது இசியுவில் எழுதிய கட்டளைகளை (மேப்) மாற்றாத காரில் ஃபில்டருக்கும் சைலன்சருக்கும் கொடுக்கும் பணத்தில் கிடைக்கும் சக்தி மிகச் சொற்பம். நம் பக்கத்தில் இன்னொரு வம்பும் உண்டு. திறந்த கோன் ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் இழுக்கும். மணலி, எண்ணூர் பக்கம் லாரிகள் கிளப்பும் தூசியையும் சேர்த்து இழுக்கும். ஒரிஜினல் ஃபில்டர் பெட்டிக்கு நல்ல பேப்பர் ஃபில்டர் ஒன்று போட்டாலே போதும் என்பேன்.

அப்படியென்றால் முதலில் ரீமேப்தானே? கணக்குப்படி ஆமாம். செலவிடும் ரூபாய்க்கு அதிக சக்தி தருவது அதுதான். வேறு பாகம் மாற்றாமல் போடும் நல்ல ஸ்டேஜ் 1 மேப்பில் 20 முதல் 30 சதவீதம் வரை கூடும். ஆனால் என்ஜினின் நிலைமையைப் பார்க்காமல் ரீமேப் செய்வது, காய்ச்சல்காரனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புகிற வேலை. டர்போவிலிருந்து, காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் சின்ன விரிசல் இருக்கலாம். கடல் காற்றில் கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கலாம். காற்று கசிந்தால், கேட்ட அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், இன்னும் சூடாகும். அதற்கு மேல் மேப்பும் போட்டால் டர்போவின் ஆயுள்தான் குறையும். கசிவு சோதனை, புது ஸ்பார்க் பிளக், டர்போவுக்கு ஏற்ற புது ஆயில் ஆகிய மூன்றும் முடியட்டும். பூஸ்ட் கூடும்போது பிளக் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் முழு அழுத்தத்தில் பொறி சரியாகப் பிடிக்காமல் மிஸ்ஃபயர் வரும். அப்புறம் இசியு தரும் எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகி, இசியு கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் ஒத்துப்போகிறதா, இன்டேக் காற்றின் வெப்பம் எவ்வளவு, நாக் (பெட்ரோல் தவறான நேரத்தில் தானாக வெடிப்பது) வந்து இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்னுக்கு இழுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மாற்றம் எது என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.

பெரும்பாலும் அவை காட்டுவது வெப்பத்தை. 35 டிகிரி காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தும்போது அது 100 டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் குளிர வைப்பது இன்டர்கூலர். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே அரை மணி நேரம் ஊர்ந்தால் இன்டர்கூலருக்குக் காற்றோட்டமே கிடைக்காது. அதுவே சூடேறிப்போகும். வழி கிடைத்து மிதித்தால் பிக்அப் இருக்காது; சூட்டைப் பார்த்து இசியு டைமிங்கைக் குறைத்திருக்கும். இப்படித் தினமும் ஓட்டுபவருக்கு மேப்புக்கு முன் இன்டர்கூலரில் போடும் பணம்தான் பலன் தரும். அடுத்தவன் காரைப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களின் 1.0 டிஎஸ்ஐ என்ஜினில் இன்டர்கூலர், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டோடு சேர்ந்தே இருக்கிறது, அதைக் குளிர்விப்பது தண்ணீர். பம்பருக்குப் பின்னால் மாட்டும் பெரிய இன்டர்கூலர் அதற்கு அப்படியே பொருந்தாது.

பெட்ரோலையும் மறந்துவிடுகிறார்கள். 100 ஆக்டேன் (நாக்கைத் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோலுக்கு எழுதிய மேப்பைப் போட்டுவிட்டு சாதாரண பெட்ரோல் அடித்தால் நாக் வரும், இசியு டைமிங்கை இழுக்கும், கொடுத்த காசு ஆவியாகும். மணலியில் சுத்திகரிப்பு ஆலையே இருந்தாலும், எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோல் எல்லா பங்கிலும் கிடைப்பதில்லை. வழக்கமாக எந்தப் பெட்ரோல் அடிப்பீர்களோ, அதற்கே மேப் எழுதச் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸ் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா கார்களின் 1.5 டிஎஸ்ஐ என்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. அதன் 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்குவதற்கென்று குறிக்கப்பட்ட அளவும் அதே 250 தான். அங்கே மேப் போட்டால் முதல் அடி கிளட்சுக்கு விழும். டார்க்கை ஓரளவோடு நிறுத்தி என்ஜின் வேகமாகச் சுழலும் மேல் ஆர்பிஎம்மில் மட்டும் சக்தி கூட்டும் மேப் தருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

பெரிய டர்போ, டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப் எல்லாம் இதற்கெல்லாம் பிறகு வர வேண்டிய பேச்சு. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு டவுன்பைப் போட்டால் புகைச் சோதனையில் மாட்டலாம், வாரன்டியும் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் திருத்தி எழுதிய 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. பில் போடும் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.