லாரி வந்ததும் ஓடாதீர்கள்

போன வாரம் பஸ் நிலையத்துக்கு எதிரே கைப்பேசி உறை விற்கும் பையன் ஒருவன், ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி திரும்புவதைப் பார்த்ததும் கையில் அகப்பட்டதை மட்டும் அள்ளிக்கொண்டு சந்துக்குள் ஓடினான். மடக்குக் கட்டில், தார்ப்பாய், கட்டிலின் மேல் பரப்பியிருந்த சரக்கு எல்லாம் லாரியில் ஏறின. லாரி போனபின் வந்து வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "என்னென்ன போயிற்று?" என்று கேட்டேன். "எல்லாமே போய்விட்டது, அண்ணே" என்றான்.

2015இல் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். தள்ளுவண்டியில் கொய்யாவும் மாதுளையும் விற்றுக்கொண்டிருந்தவன் நான். இப்போது மாலை நேரங்களில் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து மற்ற வியாபாரிகளுக்கு மனு எழுதித் தருகிறேன். புதிதாக வருகிறவர்கள் என் பழைய தவறுகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். பஸ் நிற்கும் இடத்தை மறைக்காதே, அழுகியதைச் சாக்கடையில் தள்ளாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அட்டையைக் காட்டிச் சட்டம் பேசுவது

சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 27ஆம் பிரிவு, போலீசாரோ வேறு அதிகாரியோ வியாபாரியைத் தடுக்கக் கூடாது என்று சொல்கிறது. இந்த ஒரு பிரிவை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஏட்டிடம் ஒப்பிப்பவர்கள் பலர். அதே வாக்கியத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: விற்பனைச் சான்றிதழில் சொன்னபடி வியாபாரம் செய்பவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. சான்றிதழில் நடமாடும் வியாபாரி என்று போட்டிருக்க, நீங்கள் வண்டிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து ஒரே இடத்தில் மூன்று வருடம் நின்றால், ஏட்டு சட்டம் படித்தவராக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கையில் அடையாள அட்டை இருப்பதும் இடம் இருப்பதும் வேறு வேறு. கணக்கெடுப்பு எடுத்து, நகர விற்பனைக் குழு பார்த்து, சான்றிதழ் கொடுக்கும்வரை ஏற்கெனவே கடை போட்டிருப்பவரை அப்புறப்படுத்தக் கூடாது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. கணக்கெடுப்பு முடிந்தபின் நேற்றுப் புதிதாக வந்து தார்ப்பாய் விரித்தவருக்கும் அது தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

ஸ்வநிதிக் கடனைப் பட்டா என்று நினைப்பது

ஸ்வநிதி என்பது சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். 2020இல் அது வந்தபோது முதல் தவணை 10,000 ரூபாய். வங்கி கடன் கொடுத்தது, இடம் கொடுக்கவில்லை.

சாலை யாருடையது என்று கேட்காமல் நிற்பது

ரயில் நிலைய வாசலில் பூ விற்ற அக்கா ஒருவர், மாநகராட்சி தந்த அட்டையை ரயில்வே போலீசாரிடம் நீட்டினார். அவர்கள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. 2014 சட்டம் ரயில்வே நிலத்துக்குப் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவிலேயே இருக்கிறது. அங்கே 1989 ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவுதான் பேசும். உரிமம் இல்லாமல் விற்பதும், பிச்சை எடுப்பதும் அந்த ஒரே பிரிவின் கீழ் வருகின்றன. அக்காவுக்கு அபராதத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது. பத்தடி தள்ளி, சாக்கடைப் பலகைக்கு இந்தப் பக்கம் கூடையை வைத்திருந்தால் மாநகராட்சித் தெரு. நெடுஞ்சாலைத் துறைச் சாலைக்கும் தனிச் சட்டம் உண்டு, 2001இல் வந்தது. கடை போடுவதற்கு முன் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, அங்கே பத்து வருடமாக இருப்பவரிடம் "இது யார் ரோடு?" என்று கேளுங்கள். சரியாகச் சொல்வார்.

இடத்தை உள்வாடகைக்கு விடுவது

விடாதீர்கள். நீங்களோ உங்கள் குடும்பத்தாரோதான் நிற்க வேண்டும். சான்றிதழே போய்விடும்.

லாரி வந்தபின் தெரிந்த ஆளைத் தேடிப் போவது

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அதனால் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அன்று வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். தண்டலில் ஐயாயிரம் வாங்கி, விடியற்காலையில் மண்டியில் எடுத்த சரக்கு: கொய்யா இரண்டு கூடை, மாதுளை ஒரு பெட்டி. வண்டியில் புதிதாக வாங்கிய எலெக்ட்ரானிக் தராசு. லாரி வந்ததும் மற்றவர்கள் ஓடினார்கள் என்று நானும் ஓடினேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட முடியுமா? கல்லாப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். எதிர்ச் சாரியில் நின்று, என் வண்டியை இரண்டு பேர் தூக்கி ஏற்றுவதைப் பார்த்தேன். ஒரு மாதுளை உருண்டு சாலைக்கு நடுவே போனது. ஒரு பஸ் அதன் மேல் ஏறியது. அப்போதும் நான் பக்கத்தில் போகவில்லை.

பிறகு செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். வண்டி போன அலுவலகத்துக்குப் போகாமல், வார்டில் செல்வாக்கானவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். திண்ணையில் உட்கார்ந்தேன். மாலை ஆறு மணிக்கு வந்தார், நல்ல மனிதர், "காலையில் ஒரு போன் போட்டுச் சொல்கிறேன், கவலைப்படாதே" என்றார். மறுநாள் அரசு விடுமுறை. அதன் பின் சனி, ஞாயிறு.

திங்கட்கிழமை கிடங்குக் கதவைத் திறந்ததும் கொய்யா வாசனைதான் முதலில் வந்தது. கல்யாண வீட்டில் பழக்கூடையைத் திறந்ததுபோல் கமகமவென்று இருந்தது. கிட்டே போனால் கூடையின் அடியிலிருந்து சாறு ஒழுகி, சிமெண்டுத் தரையில் கோடு போட்டுக் காய்ந்திருந்தது. அதன் மேல் ஈ. மாதுளை தப்பியிருந்தது, பாதிப் பெட்டி. தராசு இல்லை. எழுத்தரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "தள்ளுவண்டி 1, பழங்கள்" என்று இருந்தது. "தராசு என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்றார். அந்த வரிக்கு எதிரே, எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். தண்டல்காரர் அன்று மாலையும் சரியான நேரத்துக்கு வந்தார்.

சங்கத்துக்கு வந்த பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 18ஆம் பிரிவின்படி இடத்தைக் காலி செய்யச் சொல்வதற்கு 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 19ஆம் பிரிவின்படி பொருளை எடுத்தால், எடுத்த பொருள்களின் பட்டியல் எழுதி, எடுத்த அதிகாரி கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வியாபாரியிடம் தர வேண்டும். கெட்டுப்போகாத பொருள் என்றால் கேட்ட நாளிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள், அழுகும் பொருள் என்றால் கேட்ட அன்றைக்கே, உரிய கட்டணத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும்.

'கேட்ட அன்றைக்கே' என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. நாள் கணக்கு லாரி எடுத்துப்போனதிலிருந்து தொடங்குவதில்லை. நான் கேட்டதிலிருந்து தொடங்குகிறது. வியாழக்கிழமை மதியம் நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அன்று மாலையே பழத்தைத் தந்தாக வேண்டும். தரவில்லையென்றால் தவறு அவர்களுடையது. நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே ஓடாதீர்கள். உங்கள் சரக்கின் பக்கத்திலேயே நில்லுங்கள். லாரியின் முன்னால் படுக்கவும் வேண்டாம், யார் காலிலும் விழவும் வேண்டாம். பொருள் ஏறும்போது வாய்விட்டு எண்ணுங்கள்: குடை ஒன்று, தராசு ஒன்று, கூடை இரண்டு. கூட நிற்பவரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பட்டியல் கேளுங்கள். "ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்" என்பார்கள். சரி என்று சொல்லி, அந்த அதிகாரியின் பெயரையும் லாரி எண்ணையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பின்னாலேயே போங்கள்.

மனுவில் உங்கள் கஷ்டத்தை எழுத வேண்டாம். மகள் படிப்பு, மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவு என்று இரண்டு பக்கம் எழுதி வந்த மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். படிக்கிறவருக்கு எந்த வண்டி என்பதே கடைசிவரை தெரியாது. "இன்று காலை 11 மணிக்கு இன்ன தெருவில் என்னிடமிருந்து எடுக்கப்பட்ட கீழ்க்கண்ட பொருள்கள் அழுகும் தன்மையுடையவை; 19ஆம் பிரிவின்படி இன்றே திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதி, கீழே எண்ணிக்கையோடு பட்டியல் போடுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அபராதம் கட்டினால் ரசீது. பொருளை வாங்கும்போது எண்ணிவிட்டுக் கையெழுத்து. குறைந்தால், "தராசு பெறவில்லை" என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள். முறைத்துப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

சான்றிதழ் இல்லாதவன் எந்த முகத்தோடு பட்டியல் கேட்பது என்று அந்தப் பையன் கேட்டான். எடுத்ததை எழுதிக் கொடு என்று கேட்பதற்கு எந்த அட்டையும் வேண்டாம். அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பதிவேட்டில் உறை 'ஒரு மூட்டை' என்று இருந்தது. எத்தனை என்று அவனுக்கே தெரியவில்லை.

பேச வேண்டியதைப் பேசத் தெரியாமல் பேசுவது

வியாபாரிக்கும் சாலையில் நின்று குரல் கொடுக்கத் தேவை வரும். சந்தையை இடம் மாற்றுகிறார்கள் என்றால் ஆர்ப்பாட்டம் நடத்தத்தானே வேண்டும்? பொதுச் சாலையில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது என்று அகமதாபாத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லிவிட்டது. டெல்லி ஷாகீன் பாக் சாலை மறியல் வழக்கில் 2020இல் அதே நீதிமன்றம், பொது வழியைக் காலவரையின்றி அடைத்து உட்காரக் கூடாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் ஆட்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் படிக்கிறார்கள், போலீசார் மற்றதை.

கூட்டத்துக்கு போலீஸ் அனுமதி என்றால் சென்னையில் 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம், 41ஆம் பிரிவு. மாவட்டங்களில் பெரும்பாலும் 1861 காவல் சட்டத்தின் 30(2). சென்னையில் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும். கொடுப்பவர்கள் முந்தைய நாள் மாலை கொடுத்துவிட்டு, ஜனநாயகம் செத்துவிட்டது என்கிறார்கள். மனுவில் இடம், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா என்று தெளிவாக எழுதுங்கள். வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் அருகே என்று வழக்கமாகக் கூட்டம் நடக்கும் இடங்கள் இருக்க, முதல் மனுவிலேயே முச்சந்தியைக் கேட்டால் கிடைக்காது. மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றம் போகிறவருக்கு அந்தத் தாள்தான் கைமுதல். வாய்வார்த்தையாக "வேண்டாம்பா" என்றதை வைத்து எந்த வக்கீலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒலிபெருக்கி

இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மற்ற நேரத்திலும் எழுத்தில் அனுமதி வேண்டும். "கிலோ முப்பது, கிலோ முப்பது" என்று பதிவு செய்து ஓடவிடுகிற பெட்டிக்கும் இது பொருந்தும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அமைதிப் பகுதி என்று அறிவித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். தொண்டையை நம்புங்கள்.

உண்டியல்

வெள்ள நிவாரணம் என்று சிக்னலில் தகரப் பெட்டியைக் குலுக்காதீர்கள். பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. நீங்கள் யாருக்காகக் குலுக்குகிறீர்கள் என்பது அடுத்த காருக்குத் தெரியாது. சங்கத்தின் பெயரில் அச்சடித்த ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாகப் போங்கள்.

பேனர்

வேண்டாம். 2019இல் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்தது நினைவிருக்கும்.

சுவரொட்டி

சுவர் யாருடையதோ அவரிடம் கேளுங்கள். 1959இலிருந்தே சட்டம் இருக்கிறது.

நகர விற்பனைக் குழுத் தேர்தலுக்குப் போகாமல் இருப்பது

எந்தத் தெருவில் கடை போடலாம், எதில் கூடாது என்பதில் பேசும் குழு இது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக, வியாபாரிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். போன தேர்தலில் எங்கள் தெருவிலிருந்து பாதிப் பேர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவர்களைத் திட்டுகிற தகுதி எனக்கில்லை. அன்று மண்டியில் மாதுளை விலை இறங்கியிருந்தது, நானும் போகவில்லை.