பக்கத்தில் ஒன்று, பார்சலில் வேறொன்று: தவறான லிஸ்டிங்கை எதிர்கொள்வது எப்படி

ஆன்லைன் சந்தைகளில் வாங்கியது சரியில்லை என்று புகார் எழுதுபவர்கள் பெரும்பாலும் பொருளைப் பற்றியே எழுதுகிறார்கள்: "மட்டமாக இருக்கிறது", "ஏமாற்றிவிட்டார்கள்". புகாரைப் படித்து முடிவெடுப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. பொருள் அவர் கையில் இல்லை. அவர் பார்ப்பது லிஸ்டிங்கையும் (விற்பனையாளர் பொருளைப் பற்றித் தளத்தில் போட்ட பக்கம்) நீங்கள் அனுப்பும் படங்களையும்தான். எனவே புகார் நிற்பதும் விழுவதும் லிஸ்டிங்கில் உள்ள ஏதோ ஒரு வரியில். அந்த வரி சொன்னது என்ன, வந்தது என்ன என்பதை அருகருகே வைத்துக் காட்டினால் மற்ற வேலைகள் சுலபமாகிவிடும்.

விற்பனையாளருக்கு எழுதும் முன்

முதல் வேலை லிஸ்டிங்கைச் சேமிப்பது. கோபத்தில் முதலில் விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனால், தலைப்பும் விவரமும் அதற்குள் திருத்தப்பட்டிருக்கலாம். தலைப்பு, எல்லாப் படங்கள், விவரக்குறிப்பு அட்டவணை, பொருளின் நிலை (புதியது, பயன்படுத்தியது, புதுப்பிக்கப்பட்டது), நீங்கள் தேர்ந்தெடுத்த அளவு அல்லது நிறம், விற்பனையாளர் பெயர், பொருள் எண், ரிட்டர்ன் விதி என எதையும் விடாமல் சேமியுங்கள்.

மொபைல் செயலியில் விவரத்தின் பெரும்பகுதி "மேலும்" என்ற பொத்தானுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதைத் திறந்த பிறகே படம் எடுங்கள். கணினியில் பிரவுசரின் அச்சிடும் வசதி வழியாகப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். ஆனால் கீழே உள்ள படங்கள் உருட்டிய பிறகுதான் இறங்கும். பக்கத்தின் அடிவரை ஒருமுறை போய்வந்துவிட்டு அச்சிடுங்கள். ஆர்டர் உறுதி மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள், அதில் பெரும்பாலும் தலைப்பைத் தாண்டி அதிகம் இருக்காது. அலிஎக்ஸ்பிரஸில் ஆர்டர் விவரத்துக்குள் வாங்கிய நேரத்து லிஸ்டிங்கின் நகல் கிடைக்கும். விற்பனையாளர் பக்கத்தை மாற்றிவிட்டார் என்ற சந்தேகம் வந்தால் அதைத் தேடுங்கள்.

ஆர்டர் வரியையும் ஒருமுறை படியுங்கள். ஒரே லிஸ்டிங்கில் பல தேர்வுகளைக் கோத்து, கண்ணில் படும் மலிவான விலையை "உறை மட்டும்" அல்லது "கேபிள் மட்டும்" என்ற தேர்வுக்கு வைப்பது பழைய தந்திரம். அந்தத் தேர்வைத்தான் நீங்கள் சொடுக்கியிருந்தால், "விவரத்துக்கு மாறானது" என்ற வாதம் பலவீனமாகிவிடும். லிஸ்டிங் குழப்பமாக இருக்கிறது என்று தளத்திடம் தனியாகப் புகார் செய்யலாம். அது வேறு வழி.

உண்மையிலேயே தவறுதானா?

இந்த இடத்தில் நிதானம் தேவை. சில வேறுபாடுகள் மோசடி போலத் தெரியும், ஆனால் கணக்கு சரியாகவே இருக்கும். 1 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் சுமார் 931 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. பவர் பேங்கும் அப்படித்தான். 10,000 எம்ஏஎச் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் அளவு) என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் அளவில் சொல்லப்படுவது. அதாவது 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டில் வெளியே எடுத்தால் கணக்குப்படி 7,400 எம்ஏஎச். மின்மாற்றத்தில் ஏற்படும் இழப்பும் போக 6,000 சொச்சம் கிடைத்தாலே நல்ல பவர் பேங்க்தான். இதைக் காட்டிப் புகார் செய்தால் தோற்பீர்கள்.

இதற்கு எதிர்முனையில், இயற்பியலே ஒத்துக்கொள்ளாத லிஸ்டிங்குகளும் உண்டு. ஒற்றை 18650 (உருளை வடிவச் செல்லின் அளவுக் குறியீடு) லித்தியம் செல்லில் 9,900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த உருவளவுள்ள நல்ல செல்கள் 3,500 எம்ஏஎச்-ஐ ஒட்டியே நிற்கின்றன. மிக மலிவான 2 டெராபைட் பென் டிரைவும் இதே இனம். அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் கணினியிடம் பொய்யான கொள்ளளவைச் சொல்லும். உண்மையான இடம் நிறைந்ததும் புதிய கோப்புகள் பழையவற்றின் மேல் எழுதப்படும் அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். நகலெடுப்பது வெற்றி என்றே காட்டும், திறந்து பார்க்கும்போதுதான் கோப்பு கெட்டிருப்பது தெரியும். அதனால் கணினி காட்டும் கொள்ளளவை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில் அர்த்தமில்லை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 போன்ற இலவசக் கருவிகள் டிரைவ் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய டிரைவில் பல மணி நேரம் ஆகும். முடிவு வரும் திரையைப் படமெடுத்தால் அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

உடையில் "சிறியதாக இருக்கிறது" என்பது சான்றாகாது. துணியைச் சமதளத்தில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளவு நாடாவை வைத்து, எண் தெரியும்படி படமெடுங்கள்; அதை இரட்டித்தால் மார்புச் சுற்றளவு. லிஸ்டிங்கின் அளவு அட்டவணை உடையின் அளவைச் சொல்கிறதா, அணிபவரின் உடல் அளவைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். இங்கேதான் பாதிச் சண்டை பிறக்கிறது. போனுக்கு *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் என்ற 13 இலக்க அடையாள எண் போதும். பதிப்பு மாறினால் அந்த எண்ணும் மாறும், எனவே வாதமே தேவைப்படாது.

பொருளைப் பயன்படுத்தாதீர்கள், டேக்கை அறுக்காதீர்கள், பெட்டியையும் முகவரி ஒட்டிய உறையையும் தூக்கிப் போடாதீர்கள். உறையில் உள்ள எடை சில நேரம் பெரிய உதவி: 4 கிலோ பொருளுக்கு 300 கிராம் பார்சல் வந்திருந்தால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எழுதும் செய்தி

தளத்தின் செய்திப் பெட்டி வழியாக மட்டுமே எழுதுங்கள். வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். அங்கே பேசியதைத் தளம் பெரும்பாலும் கணக்கில் எடுக்காது. செய்தி இந்த அளவு இருந்தால் போதும்:

"ஆர்டர் எண் ... லிஸ்டிங்கில் 'பொருள்: முழுத் தோல்' என்று உள்ளது. வந்த பையின் உள் லேபிளில் 'பாலியூரிதேன்' (செயற்கைத் தோல்) என்று உள்ளது. இரண்டின் படங்களும் இணைப்பில். முழுத் தொகையையும் திருப்பித் தரவும், ரிட்டர்ன் செலவை நீங்கள் ஏற்கவும் கோருகிறேன்."

ஒரு முரண் போதும். ஐந்து குறைகளை அடுக்கினால் விற்பனையாளர் அவற்றில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு மட்டும் பதில் சொல்வார்.

பொத்தானும் கெடுவும்

ரிட்டர்ன் படிவத்தில் காரணம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவசரப்பட்டு "மனம் மாறிவிட்டது" அல்லது "தேவையில்லை" என்பதை அழுத்துவதுதான் விலை உயர்ந்த பிழை. அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழும். விற்பனையாளர் ரிட்டர்ன் ஏற்காதவர் என்றால் கதவே மூடிவிடும். "விவரத்துக்கு ஒத்துவரவில்லை" என்ற பொருள்படும் காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். "ரிட்டர்ன் கிடையாது" என்று லிஸ்டிங்கில் எழுதியிருந்தாலும் பெரிய தளங்களின் வாங்குபவர் பாதுகாப்பு பொதுவாக அதை மீறிச் செல்லும்.

கெடு தளத்துக்குத் தளம் மாறும். ஈபேயில் பொருள் வந்து 30 நாட்களுக்குள் கோரிக்கையைத் திறக்க வேண்டும். விற்பனையாளருக்கு 3 வேலைநாள் அவகாசம், அதன் பிறகு ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். பேபால் என்ற பணம் செலுத்தும் சேவையில் பணம் செலுத்தி 180 நாட்கள் வரை தகராறு எழுப்பலாம், ஆனால் எழுப்பிய 20 நாட்களுக்குள் அதைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாக மூடிவிடும். "கேஸை மூடுங்கள், உடனே பணம் அனுப்புகிறேன்" என்று விற்பனையாளர் கேட்பது இதனால்தான். மூடிய தகராறைப் பேபாலில் மீண்டும் திறக்க முடியாது. பணம் கணக்கில் ஏறும்வரை எதையும் மூடாதீர்கள்.

"10% தருகிறேன், பொருளை வைத்துக்கொள்ளுங்கள்" என்பது அடுத்து வரும் பேச்சு. பொருள் உங்களுக்கு உதவும் என்றால் ஏற்பதில் தவறில்லை. ஏற்றால் பெரும்பாலும் விவகாரம் அதோடு முடிந்தது என்பதைத் தெரிந்துகொண்டு ஏற்க வேண்டும். மறுத்தால் விற்பனையாளர் தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நாட்களை ஓட்டுவார். கெடுவை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தால் இந்த ஆட்டம் பலிக்காது.

திருப்பி அனுப்பும்போது தளம் தரும் லேபிளையே பயன்படுத்துங்கள். விற்பனையாளர் தனியாகச் சொல்லும் வேறு முகவரிக்கு அனுப்பினால், பொருள் சேர்ந்ததைத் தளத்தால் உறுதி செய்ய முடியாது. டிராக்கிங் எண் இல்லாத அஞ்சல் அனுப்பாததற்குச் சமம். பார்சலை ஒட்டும் முன் பொருளின் சீரியல் எண்ணையும், ஒட்டிய பிறகு எடையையும் படமெடுத்துவிடுங்கள். "காலிப் பெட்டிதான் வந்தது" என்ற பதிலுக்கு இதுதான் மறுப்பு.

தளம் கைவிட்டால்

கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் செலுத்திய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். விசாவில் "விவரத்துக்கு மாறானது அல்லது பழுதானது" என்பதற்கென்றே 13.3 என்ற காரணக் குறியீடு உண்டு. கெடு பொதுவாகப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 120 நாள். விற்பனையாளரோடு தீர்க்க முயன்றதையும், பொருளைத் திருப்பி அனுப்பியதை அல்லது அனுப்ப முன்வந்ததையும் வங்கி கேட்கும். தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதிய செய்திகள் அங்கே உதவும். தளத்தின் கேஸும் சார்ஜ்பேக்கும் ஒரே நேரத்தில் வேண்டாம். சார்ஜ்பேக் வந்ததும் தளம் பெரும்பாலும் தன் பக்கத்துக் கேஸை மூடிவிடும்.

ஒரே பக்கம், பல விற்பனையாளர்கள்

அமேசான் போன்ற இடங்களில் பல விற்பனையாளர்கள் ஒரே பொருள் பக்கத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அங்கே இரண்டு விதத் தவறுகள் நடக்கும். பக்கம் சரியாக இருந்து ஒருவர் மட்டும் வேறு மாடலை அனுப்பினால், அந்த விற்பனையாளர் மீது புகார். பக்கத்திலேயே எடையோ மாடல் எண்ணோ தவறாக இருந்தால், பக்கத்தில் உள்ள பிழையைத் தெரிவிக்கும் இணைப்பின் வழியே, எந்த வரி தவறு, சரியான மதிப்பு என்ன, அதற்குச் சான்றாகப் பெட்டியின் படம் என்று கொடுக்க வேண்டும். பழைய பொருளின் மதிப்புரைகளைப் புதிய பொருளின் மேல் ஒட்டவைத்திருக்கும் பக்கங்களையும் இதே வழியில் தெரிவிக்கலாம். ஹெட்போன் பக்கத்தில் பழைய மதிப்புரைகள் குக்கரைப் புகழ்ந்துகொண்டிருந்தால் விஷயம் அதுதான்.

மதிப்புரை எழுதுவதைப் பணம் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் "லிஸ்டிங்கில் 60 செ.மீ., வந்தது 48 செ.மீ." என்ற அளவே போதும். வசைச்சொல் கலந்தால் விதிமீறல் என்று சொல்லி அதை நீக்கவைக்க விற்பனையாளருக்கு வழி கிடைத்துவிடும்.