தடுப்பூசி விவரத் தாளில் பாதுகாப்புச் சோதனைப் பகுதியைப் படிப்பது எப்படி?

தடுப்பூசிப் பெட்டிக்குள் பல மடிப்பாக ஒரு தாள் இருக்கும், பொடிப்பொடி எழுத்தில். அதில் ஒரு வரியை மட்டும் படம் எடுத்து, "பாருங்கள், கம்பெனியே ஒப்புக்கொள்கிறது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்த வரி பெரும்பாலும் தாளில் இருப்பதுதான். அதற்குப் பக்கத்தில் இருந்த எண்தான் படத்தில் இருக்காது. பிள்ளைக்கு ஊசி போடப் போகிறவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவது நியாயமே. ஆனால் இந்தத் தாளைப் படிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டாம். ஓர் எண்ணைப் பார்த்ததும் அதன் ஜோடி எண் எங்கே என்று தேடத் தெரிந்தால் போதும்.

படி 1: முழுத் தாளை எடுங்கள்

துண்டுப் படத்தை விட்டுவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலோ மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்திலோ முழுத் தாளை இறக்கிக்கொள்ளுங்கள். கடைசியாகத் திருத்திய தேதியையும் பாருங்கள். அமெரிக்கத் தாள்களில் பகுதிகளுக்கு எண் உண்டு: 4 யாருக்குப் போடக்கூடாது, 5 எச்சரிக்கைகள், 6 பாதகமான விளைவுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருத்துவர்களுக்கான குறிப்பில் 4.8-ஐத் தேடுங்கள். அங்கே 'மிகச் சாதாரணம்' என்றால் பத்தில் ஒருவருக்காவது வருவது. 'அரிது' என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக, பத்தாயிரத்தில் ஒருவருக்காவது வருவது.

படி 2: எத்தனை பேர், எத்தனை நாள்?

அமெரிக்கத் தாளில் 6.1 என்பது மருத்துவச் சோதனைகளில் கண்டவை. அதன் முதல் பத்தியிலேயே எத்தனை பேருக்குப் போட்டார்கள், எந்த வயது, எத்தனை நாள் கவனித்தார்கள் என்பதெல்லாம் இருக்கும்.

ரீகாம்பிவேக்ஸ் என்ற ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் தாளில், 147 குழந்தைகளை ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 5 நாள் கவனித்ததாக ஒரு வரி உண்டு. அதிகம் பகிரப்படும் வரி இது. ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், காய்ச்சல் போன்றவை முதல் சில நாட்களிலேயே தலைகாட்டும் என்பதால், அவற்றைக் கேட்டுப் பதிவுசெய்ய இப்படிக் குறுகிய காலம் வைப்பது வழக்கம். அதே சமயம், 147 சிறிய எண் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எளிய கணக்கு ஒன்று உண்டு: 3,000 பேரில் ஒருவருக்கும் ஒரு விளைவு வரவில்லை என்றால், அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், அவ்வளவுதான். அரிதான விளைவைப் பிடிக்கப் பெரிய சோதனை வேண்டும், இல்லாவிட்டால் அனுமதிக்குப் பிந்தைய கண்காணிப்பு வேண்டும். இந்தத் தடுப்பூசி 1986-இல் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகு கவனித்ததையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

படி 3: இரண்டு குழுவின் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. ரோட்டாடெக் என்ற ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தின் தாளில், சோதனைகளில் அதைப் பெற்ற குழந்தைகளில் 25 பேர் இறந்ததாக இருக்கிறது. இதை மட்டும் படித்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். அடுத்த எண்ணைப் பாருங்கள்: மருந்தில்லாத பிளாசிபோ பெற்றவர்களில் 27 பேர். இரண்டு குழுவும் சேர்ந்து 70,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள், கிட்டத்தட்டச் சரிபாதி. அத்தனை பச்சிளங்குழந்தைகளைப் பல மாதம் கவனித்தால், எந்த மருந்தும் கொடுக்காவிட்டாலும் சில மரணங்கள் நேரும் என்பதே துயரமான உண்மை. மருந்து காரணமென்றால் ஒரு பக்கத்து எண் தெளிவாக ஏறியிருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய சோதனைக்கு ஒரு காரணம் உண்டு. ரோட்டாஷீல்ட் என்ற முந்தைய மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு அது குடல் செருகலை, அதாவது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வதை, உண்டாக்கியது. 1999-இலேயே திரும்பப் பெற்றார்கள். ஆகவே ரோட்டாடெக்கில் அதையே குறிவைத்துத் தேடினார்கள்: 42 நாளுக்குள் மருந்துக் குழுவில் 6, பிளாசிபோ குழுவில் 5.

படி 4: எதோடு ஒப்பிட்டார்கள்?

ஒப்பீட்டுக் குழுவுக்கு எப்போதும் உப்புநீர்தான் கொடுப்பார்கள் என்றில்லை. வேறு தடுப்பூசியாக இருக்கலாம். தடுப்பூசியில் சேர்க்கும் அலுமினிய உப்பு மட்டுமாகவும் இருக்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு எதிரான கார்டசில் தடுப்பூசியின் தாளில் பெண்களுக்கான அட்டவணையில் ஊசி போட்ட இடத்து வலி: தடுப்பூசி 83.9%, அலுமினியம் 75.4%, உப்புநீர் 48.6%. அலுமினியப் பத்தியை மட்டும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. உப்புநீர்ப் பத்தி இருப்பதால்தான் உண்மையான அளவு தெரிகிறது. அதனால் பத்தியின் தலைப்பைப் படிக்காமல் எண்ணுக்குப் போகாதீர்கள். உப்புநீர்க் குழு இல்லாத தாளில், அந்த எண் எதைவிடக் கூடுதல் என்று கேட்பது நல்ல கேள்வி.

படி 5: 6.2-ஐத் தனியாக வையுங்கள்

இது விற்பனைக்கு வந்த பிறகு மக்களும் மருத்துவர்களும் தாமாக அனுப்பிய புகார்கள். எத்தனை பேருக்குப் போட்டதில் இத்தனை என்ற கணக்கு இதில் இருக்காது. காரணம் தடுப்பூசிதான் என்று உறுதி செய்ய முடியாது என்றும் தாளிலேயே எழுதியிருக்கும். ட்ரைபீடியா என்ற பழைய தடுப்பூசியின் தாளில் ஆட்டிசம் இடம்பெற்றது இப்படிப்பட்ட பட்டியலில்தான். புகாரின் தீவிரம் அல்லது எண்ணிக்கையைப் பார்த்துச் சேர்த்தோம் என்ற விளக்கமும் அங்கேயே இருந்தது.

அதற்காக 6.2-ஐ ஒதுக்கிவிடாதீர்கள். ரோட்டாஷீல்டில் முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது இப்படி வந்த 15 புகார்கள்தான். அப்புறம் நடத்திய ஆய்வுகள்தான் அதை உறுதிசெய்தன.

படி 6: 13.1-இல் புற்றுநோய் பற்றிய வரி

"புற்றுநோய் உண்டாக்குமா என்று சோதிக்கவில்லை" என்ற வரி பல தாள்களில் இருக்கும். தினமும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் மாத்திரைக்கு விலங்குகளில் நடத்தும் நீண்டகாலச் சோதனையைத்தான் அது சொல்கிறது. ஓரிரு முறை மிகச் சிறிய அளவில் போடும் தடுப்பூசிக்கு அது பொதுவாகத் தேவையில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்.

படி 7: உங்கள் வீட்டுக்கு வேண்டியது 4, 5

சோதனை எண்கள் பொதுவானவை. உங்கள் பிள்ளையைப் பற்றியவை இந்த இரண்டு பகுதிகளும். முன்பு இதே ஊசிக்கு மூச்சுத்திணறும் அளவு ஒவ்வாமை வந்ததா, நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறார்களா, தாளில் உள்ள பொருள் எதுவாவது ஒத்துக்கொள்ளாதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் முன்பே அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தப் பகுதி, எந்த வரி என்று எண்ணோடு சொன்னால் அவரும் அதே வரியை எடுத்து வைத்து உங்களுக்கு விளக்க முடியும்.